தொழிலாளியிடம் பாடம் கேட்ட பேராசிரியர்

நம் சங்க மலரில் வாழ்க்கை வரலாறு எழுத முன்வருவோர் ஒரு புலவரையோ, நாட்டுத் தலைவரையோ, விடுதலை வீரரையோ தேர்ந்தெடுப்பது வழக்கம். இம்முறை நான் ஓர் இரசாயனப் பேராசிரியரைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். அவர் புதிய தனிமம் எதையும் கண்டவர் அல்லர். நோபல் பரிசு பெற்றவரும் அல்லர். ஆயினும், அவர் வகுத்த வழியில் இன்று பல நாடுகளில் தொழிலாளர்கள் சிறு சிறு குழுக்களாகக் கூடி, தங்கள் வேலையில் உள்ள குறைகளைத் தாங்களே ஆராய்ந்து தாங்களே திருத்துகிறார்கள். கையால் உழைப்பவனுக்கும் சிந்தனை உண்டு என்று மேடையில் பேசியவர் பலர். அந்தச் சிந்தனைக்கு ஒரு கருவியையும், அது கூடுவதற்கு ஓர் இடத்தையும் அமைத்துக் கொடுத்தவர் சிலரே. அச்சிலருள் முதல் வரிசையில் நிற்பவர் ஜப்பானியப் பேராசிரியர் கவோரு இஷிகாவா.

பிறப்பும் கல்வியும்

1915-ஆம் ஆண்டு ஜூலை 13-ஆம் நாள் டோக்கியோ நகரில் அவர் பிறந்தார். எட்டு ஆண் மக்களுள் இவரே மூத்தவர். தந்தையார் இச்சிரோ இஷிகாவா பெரிய தொழிலதிபர். போருக்குப் பின் ஜப்பானியத் தொழிலதிபர்களின் கூட்டமைப்பான கெய்தான்ரென்னுக்குத் தலைவராக விளங்கியவர். ஆகவே, வறுமையில் பிறந்து வளர்ந்த கதை இங்கே இல்லை. செல்வர் வீட்டில் பிறந்த பிள்ளை தொழிலாளியின் அறிவை நம்பப் புறப்பட்டதே இந்த வரலாற்றின் சிறப்பு.

அவர் பிறந்த அதே 1915-இல் அமெரிக்காவில் பிரெடரிக் டெய்லர் என்ற பொறியாளர் மறைந்தார். கடிகாரமும் கையுமாக ஆலைகளில் நின்று, ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து பார்த்தவர் அவர். திட்டமிடுவது பொறியாளரின் வேலை, திட்டப்படி செய்வது தொழிலாளியின் வேலை என்பது அவர் வகுத்த பிரிவினை. படிப்பு வாய்ப்பற்ற தொழிலாளர் நிறைந்திருந்த அக்காலத்தில் அம்முறை உற்பத்தியைப் பெருக்கியது உண்மைதான். ஆனால், ஆலைக்குள் தொழிலாளியின் கை மட்டும் வரவேற்கப்பட்டது. தலை வாயிலிலேயே நிறுத்தப்பட்டது. அந்தத் தலையையும் உள்ளே அழைத்து வர வேண்டும் என்பதே பிற்காலத்தில் இஷிகாவாவின் வாழ்க்கைப் பணியாயிற்று.

1939-இல் அவர் டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக் கழகத்தில் பயன்முறை இரசாயனத்தில் பட்டம் பெற்றார். அடுத்த இரண்டு ஆண்டுகள் கடற்படையில் தொழில்நுட்ப அதிகாரி. அங்கே ஓர் ஆலையைக் கட்டும் பொறுப்பு அவரிடம் வந்தது. ஏறத்தாழ 600 தொழிலாளர் அவர் கீழ் இருந்தனர். வயதோ இருபத்தைந்து! நம்மில் பலருடைய வயதை விட ஒன்றிரண்டுதான் கூடுதல். ஆட்களை வைத்து வேலை வாங்குவது எத்தகைய கலை என்பதை அங்கே கற்றார். பிற்காலப் பணிக்கு அந்த அனுபவம் பெரிதும் உதவியதாக அவரே எழுதியிருக்கிறார்.

1941 முதல் 1947 வரை நிஸ்ஸான் திரவ எரிபொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தார். எண்ணெய் வளம் இல்லாத ஜப்பான், நிலக்கரியிலிருந்து எரிபொருள் தயாரிக்க முயன்ற காலம் அது. 1945-இல் போர் தோல்வியில் முடிந்தது. நகரங்கள் சாம்பலாயின. 1947-இல் அவர் தாம் படித்த பல்கலைக் கழகத்துக்கே துணைப் பேராசிரியராகத் திரும்பினார்.

சிதறிய எண்கள்

அங்கேதான் அவருடைய வாழ்க்கை திசை மாறியது. ஆய்வுக்கூடத்தில் ஒரே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தபோது விடைகள் ஒன்றுபோல் வரவில்லை. எண்கள் சிதறிக் கிடந்தன. எதை நம்புவது, எதைத் தள்ளுவது? இந்தக் கேள்வியே அவரை 1948-இல் புள்ளியியல் பக்கம் இழுத்தது. ஜப்பானிய விஞ்ஞானிகள், பொறியாளர்களின் சங்கத்தில் அத்துறை பற்றிய ஏடுகள் உண்டு என்று கேள்விப்பட்டு அங்கே சென்றார். ஏடுகளைக் கேட்டுப் போனவரை அச்சங்கத்தார் பாடம் நடத்தவும் வரச் சொல்லிவிட்டனர்! இப்போதுதான் படிக்கத் தொடங்கியிருக்கிறேன் என்று தயங்கியவரை அவர்கள் விடவில்லை. மாணவராகப் போனவர் ஆசிரியராகத் திரும்பினார்.

எண்கள் சிதறுவது என்றால் என்ன என்பதை இரசாயன மாணவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சென்ற ஆண்டு இங்கே ஐதராபாத்தில் என் எம்.எஸ்ஸி. ஆய்வுக்காக ஒரு சேர்மத்தைத் தயாரித்துக் கொண்டிருந்தேன். ஒரு நாள் விளைச்சல் நன்றாக வரும். மறுநாள் பாதிதான் தேறும். மூன்று வாரம் நூல்களைப் புரட்டினேன். கரைப்பானை மாற்றினேன், வினையூக்கியை மாற்றினேன். பயன் இல்லை. ஒரு நாள் மாலை, கண்ணாடிக் கலங்களைக் கழுவி அடுக்கும் உதவியாளர் என் பக்கத்தில் வந்து நின்றார். அடுத்த அறையில் பெரிய உலையைப் போடும் நாள்களில் என்னுடைய சூடேற்றியின் விளக்கு மங்குகிறது என்று தெலுங்கில் சொன்னார். மின்னழுத்தம் குறைந்தால் வெப்பமும் குறையும் அல்லவா? நாள்குறிப்பை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது முற்றிலும் சரி. அவர் அதை முதல் வாரத்திலேயே கவனித்திருக்கிறார். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். நீ கேட்கவில்லையே என்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கலங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிழை என்னுடையது. இஷிகாவாவைப் பற்றி நான் படிக்கத் தொடங்கியது அதன் பின்னரே.

அடுத்த அறையில் இருப்பவன் பகைவனா?

போருக்குப் பிந்திய ஜப்பானியப் பொருள் என்றால் விலை மலிவு, ஆயுள் குறைவு என்பதே உலகத்தின் எண்ணம். 1950-இல் அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங் டோக்கியோவுக்கு வந்து, தரக் கட்டுப்பாடு பற்றி எட்டு நாள் வகுப்பு நடத்தினார். அவரைப் பெரிய ஆலைகளின் தலைவர்கள் சந்திக்க ஏற்பாடு செய்தவர் நம் கவோருவின் தந்தையார் இச்சிரோ. அடுத்து 1954-இல் ஜோசப் ஜூரான் வந்தார். முதலாளிகளும் கற்றனர், பொறியாளரும் கற்றனர். கவோருவுக்கும் 1952-இல் டெமிங் பரிசு கிடைத்தது.

ஆனால் அவர் வகுப்பறையோடு நிற்கவில்லை; ஆலை ஆலையாகச் சென்றார். ஓர் இரும்பாலையில் நடந்ததை அவரே எழுதியிருக்கிறார். தகடுகளில் குறை மிகுந்திருந்தது. அடுத்த பிரிவுக்குப் போய் அங்கே என்ன ஆகிறது என்று பார்த்து வரும்படி தொழிலாளரிடம் சொன்னார். அவர்கள் மறுத்தனர். அங்கே போனால் ஒற்றர் என்று நினைப்பார்களாம்! ஒரே கூரையின் கீழ், ஒரே முதலாளியிடம் சம்பளம் வாங்குவோரே இரு பகை நாடுகளைப் போல் வாழ்ந்தனர். அப்போது பிறந்ததுதான் அவருடைய புகழ்பெற்ற கொள்கை: அடுத்த பிரிவில் இருப்பவனே உன் வாடிக்கைக்காரன். கடையில் காசு கொடுத்து வாங்குபவன் மட்டும் அல்லன். உன் கையிலிருந்து பொருளைப் பெற்று அடுத்த வேலையைச் செய்பவனும் வாடிக்கைக்காரனே. அவனிடம் போய்க் கேள்; குறையைத் தெரிந்துகொள்; திருத்து. கேட்பதற்கு எளிய கருத்து. ஆனால் எத்தனை அலுவலகங்களில் இது இன்றும் நடப்பதில்லை!

மீன்முள்

1952-இல் காவாசாகி இரும்பு நிறுவனத்தின் ஃபுகியாய் ஆலையில் அவர் உருவாக்கிய ஒரு படம் பயன்படுத்தப்பட்டது. இன்று அதை இஷிகாவா படம் என்றும், மீன்முள் படம் என்றும் அழைக்கிறோம். அதற்குப் பெரிய கணிதம் வேண்டா. ஒரு தாளும் பென்சிலும் போதும்.

நம் கோவை நூற்பாலை ஒன்றில் நூல் அடிக்கடி அறுகிறது என்று வைத்துக்கொள்வோம். தாளின் வலப்பக்கத்தில் மீனின் தலையாக அந்தக் குறையை எழுத வேண்டும். அதிலிருந்து இடப்பக்கமாக ஒரு முதுகெலும்பு. அதில் சாய்வாகப் பெரிய முள்கள்: பஞ்சு, இயந்திரம், வேலை முறை, ஆள், அளவை. ஒவ்வொரு பெரிய முள்ளிலும் சிறு முள்கள்: பஞ்சுக் கலவை மாறியதா? கதிர் அதிர்கிறதா? அறையில் ஈரம் குறைந்ததா? புதிதாக வந்தவருக்கு நூல் பிணைக்கச் சொல்லிக் கொடுத்தார்களா? அங்கே வேலை செய்யும் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்ததைச் சொல்லச் சொல்ல, படம் நிறையும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. குறை நேர்ந்தவுடன் யார் செய்தது என்று கேட்பது ஆலைகளின் வழக்கம். அப்படிக் கேட்டால் எல்லாரும் வாயை மூடிக்கொள்வர். மீன்முள்ளோ எதனால் நேர்ந்தது என்று கேட்கிறது. பழிக்கு அஞ்சாமல் பேச இடம் கிடைக்கிறது. ஆனால் பேச்சோடு முடிந்துவிடக் கூடாது. எண்ணிப் பார்க்க வேண்டும். எந்தக் காரணத்தால் எத்தனை முறை நேர்ந்தது என்று கோடு போட்டுக் குறித்தால், சில காரணங்களே பெரும்பாலான குறைகளுக்கு வேர் என்பது புலப்படும். அவற்றை முதலில் பிடிக்க வேண்டும். திருத்திய பின் மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

குறிப்புத் தாள், பரேட்டோ படம், மீன்முள் படம், நிகழ்வெண் படம், சிதறல் படம், கட்டுப்பாட்டுப் படம், வகை பிரித்தல் என்ற ஏழு எளிய கருவிகளை அவர் தொழிலாளர்க்கென்றே பரப்பினார். ஆலையில் எழும் சிக்கல்களில் 95 சதவீதத்தை இவற்றாலேயே தீர்க்கலாம் என்பது அவர் கருத்து. நுண்ணிய புள்ளியியல் கற்ற பேராசிரியர், அதன் சாரத்தை மட்டும் பிழிந்து மேஸ்திரியின் கையில் கொடுத்தார். கடினமானதைக் கடினமாகவே சொல்வது எளிது, எளிமையாக்குவதுதான் கடினம்.

வட்டம் பிறந்தது

பொறியாளர்களுக்கு ஏடு இருந்தது, மேஸ்திரிகளுக்கு இல்லை. 1962 ஏப்ரலில் அந்தக் குறை நீங்கியது. வேலைத்தளமும் தரக் கட்டுப்பாடும் என்று பொருள்படும் கெம்பா டு கியூ.சி. என்ற இதழ் வெளிவந்தது. ஆசிரியர் குழுவுக்குத் தலைவர் இஷிகாவா. மேஸ்திரிகள் கம்பெனியை எதிர்பார்க்காமல் சொந்தக் காசில் வாங்கிப் படிக்கும்படி விலை குறைவாக வைக்கப்பட்டது.

ஆனால் நாள் முழுதும் உழைத்துக் களைத்தவர் தனியே உட்கார்ந்து படிப்பாரா? ஆகவே, குழுவாகக் கூடிப் படியுங்கள், படித்ததை உங்கள் வேலையிலேயே சோதித்துப் பாருங்கள் என்று அவ்விதழ் தூண்டியது. இப்படிப் பிறந்ததுதான் தர வட்டம். ஒரே பிரிவில் வேலை செய்யும் சிலர் சேர்ந்து ஒரு வட்டம். 1962 மே மாதத்தில் முதல் வட்டம் பதிவாயிற்று; அது ஜப்பானியத் தந்தி தொலைபேசித் துறையின் மட்சுயாமா நிலையத்தைச் சேர்ந்தது. 1963 மே மாதத்தில் செண்டாய் நகரில் வட்டங்களின் முதல் மாநாடு நடந்தது. தொழிலாளரே மேடையேறி, தாம் எடுத்துக்கொண்ட சிக்கலையும், தேடிய காரணத்தையும், கண்ட வழியையும் படம் போட்டு விளக்கினர். 1980-களில் ஜப்பானில் பதிவு செய்துகொண்ட உறுப்பினர் தொகை பத்து இலட்சத்தைக் கடந்தது.

இந்த வட்டத்துக்கு அவர் இட்ட முதல் விதி, விருப்பம். எவரையும் வற்புறுத்திச் சேர்க்கக் கூடாது. 1970-இல் வெளியான வட்டங்களின் அடிப்படைக் கோட்பாட்டில் மூன்று நோக்கங்கள் சொல்லப்பட்டன. நிறுவனம் மேம்பட உதவுவது ஒன்று. மனிதனை மதித்து, வேலை செய்யும் இடத்தை மகிழ்ச்சி தரும் இடமாக்குவது இன்னொன்று. மனிதனுக்குள் இருக்கும் எல்லையற்ற ஆற்றலை வெளிக்கொணர்வது மூன்றாவது. மூன்றில் இரண்டு மனிதனைப் பற்றியவை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பேராசிரியரும் தவறுவதுண்டு. சீன எழுத்தைப் பயிலும் நாடுகளில் மட்டுமே இவ்வட்டங்கள் வேர்கொள்ளும் என்று அவர் முதலில் எண்ணியிருந்தார். பிற நாடுகளிலும் அவை தழைப்பதைக் கண்டபின், மனிதன் எங்கும் மனிதனே என்று தம் கருத்தை மாற்றிக்கொண்டு, அதை எழுத்திலும் ஒப்புக்கொண்டார். சான்று வந்தால் கருத்தை மாற்றுவதுதானே விஞ்ஞானியின் இலக்கணம்?

நம் நாட்டில்

இந்தியாவில் தர வட்டம் தொடங்கிய இடம் நமக்கு அயலூர் அன்று. இதே ஐதராபாத்தை அடுத்த ராமச்சந்திரபுரத்தில், பாரத மிகுமின் நிறுவனத்தின் ஆலையில் 1980-இல் அது தொடங்கியது. 1982-இல் இந்தியத் தர வட்டப் பேரவை அமைந்தது. 1986-இல் இஷிகாவாவே தொழிலதிபர் சங்கத்தின் அழைப்பில் இந்தியா வந்து ஆலைத் தலைவர்களிடையே உரையாற்றினார். அவர் விதைத்தது தமிழ் மண்ணிலும் முளைத்தது. சென்னை பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998-இல் டெமிங் பரிசைப் பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்று அப்பரிசைப் பெற்றது அதுவே முதல் முறை.

நிற்க. வெற்றியை மட்டும் எழுதினால் அது வரலாறு ஆகாது, விளம்பரம் ஆகிவிடும். விருப்பம் என்ற முதல் விதி ஜப்பானிலேயே பல இடங்களில் ஏட்டளவில் நின்றது. டொயோட்டா ஆலையின் தொழிலாளி ஒருவர் 2002-இல் பணியிடத்திலேயே மயங்கி விழுந்து இறந்தார். அவருடைய மனைவி தொடுத்த வழக்கில், 2007-இல் நகோயா மாவட்ட நீதிமன்றம், தர வட்டத்துக்குச் செலவிட்ட நேரமும் வேலை நேரமே என்று தீர்ப்பளித்தது. தொழிலாளியின் மூளை வேண்டும், ஆனால் அதற்கான நேரத்துக்குக் கூலி இல்லை என்றால், அது மதிப்பு ஆகாது. இன்னொரு வகைச் சுரண்டலே ஆகும். வட்டம் பிழையன்று, வட்டத்தைக் கட்டாயமாக்கியது பிழை.

வட்டமே இல்லாத இடங்களின் கதை வேறு. என் தந்தையார் நெல்லைச் சீமையிலிருந்து பிழைப்புக்காக இவ்வூருக்கு வந்தவர். ஒரு பட்டறையில் லேத் இயந்திரத்தில் கடைசல் வேலை. பட்டறையின் பெயர் இங்கே வேண்டா. வந்த புதிதில், தண்ணீர்க் குழாயைச் சற்றே திருப்பி வைத்தால் வெட்டுளி சீக்கிரம் மழுங்காது என்று அவர் மேற்பார்வையாளரிடம் சொன்னாராம். உன் வேலையைப் பார் என்று விடை வந்ததாம். அதன்பின் இருபது ஆண்டுகளாக அவர் அங்கே எதுவும் சொன்னதில்லை. சொல்ல ஒன்றும் இல்லாமல் அன்று; வீட்டில் உணவருந்தும்போது எத்தனையோ சொல்வார். நானும் தம்பியும் கேட்டுக்கொண்டிருப்போம். இருபது ஆண்டு அறிவு எங்கள் வீட்டுச் சோற்றுத் தட்டுக்கு முன்னால் வந்து முடிந்து போயிற்று. அந்தப் பட்டறைக்கு அதனால் எவ்வளவு இழப்பு என்பதை எந்தக் கணக்குப்பிள்ளையும் எழுதியிருக்க மாட்டார்.

இறுதி நாள்கள்

இஷிகாவா 1978-இல் முசாஷி தொழில்நுட்பக் கழகத்தின் தலைவரானார். அமெரிக்கத் தரக் கட்டுப்பாட்டுக் கழகம் 1982-இல் அவருக்கு ஷூஹார்ட் பதக்கம் வழங்கியது. அமெரிக்கரிடம் கற்ற மாணவரிடமிருந்து அமெரிக்கர் கற்கத் தொடங்கிய காலம் அது. 1989 ஏப்ரல் 16-ஆம் நாள், தம் 73-ஆம் வயதில் அவர் மறைந்தார். தரப் பணியில் மனிதனுக்கு முதலிடம் தருவோர்க்கென்று 1993-இல் அவர் பெயரால் ஒரு பதக்கம் நிறுவப்பட்டது.

நண்பர்களே, நம்மிற் பலர் இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஆய்வுக்கூடங்களிலும் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் மேசைக்குப் பின்னால் உட்காரப் போகிறோம். நம் எதிரே வந்து நிற்பவர் நம் தந்தையின் வயதுடையவராக இருப்பார். அவருக்குப் பட்டம் இராது, ஆங்கிலம் வராது, ஆனால் இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே அதன் நோயைச் சொல்வார். அவரிடம் முதல் நாளே போய்க் கேட்போம். கேட்டதை எண்ணிப் பார்ப்போம். சரியென்று கண்டால் அவர் பெயராலேயே அதை நடைமுறைப்படுத்துவோம். அதற்குப் பேராசிரியராக இருக்க வேண்டும் என்பதில்லை. மூன்று வாரம் வீணாக்கிய ஒரு மாணவன் கற்றுக்கொண்ட பாடம் இது. உங்களுக்கு அந்த மூன்று வாரம் மிச்சமாகட்டும் என்றே எழுதினேன்.